பனிப்பாறை என்ற ஒரே சொல் போதாது

அன்புள்ள ஆசிரியருக்கு,

வணக்கம். சென்ற ஞாயிறு மலரில் ஏ23ஏ பனிப்பாறையைப் பற்றி வந்த கட்டுரையை ஆவலோடு படித்தேன். அண்டார்டிகாவைப் பற்றித் தமிழில் ஒரு முழுப்பக்கம் வருவதே மகிழ்ச்சி. ஆனால், "இது உருகினால் மும்பை போன்ற கடலோர நகரங்கள் மூழ்கும்" என்ற வரியைப் படித்துவிட்டு, ஆறாம் வகுப்பில் இருக்கும் என் பேரன் அன்றிரவு, "தாத்தா, நம் வீடு இருக்குமா?" என்று கேட்டான். அவனுக்குச் சொன்னதையே உங்களுக்கும் எழுதுகிறேன்.

அந்தப் பாறை 1986-இல் அண்டார்டிகாவின் ஃபில்க்னர் பனித்தட்டிலிருந்து, அதாவது நிலத்திலிருந்து வந்து கடலில் பலகைபோல் மிதக்கும் பனியிலிருந்து, பிரிந்தது. வெட்டல் கடலில் தரைதட்டி முப்பது ஆண்டுகளுக்கு மேல் நின்றது. பிறகு நகர்ந்து, 2025 மார்ச்சில் தெற்கு ஜார்ஜியா தீவருகே மறுபடி தரைதட்டியது. அதன்பின் துண்டு துண்டாக உடைந்தது. பிரிவதற்கு முன்பே அது கடலில் மிதந்துகொண்டிருந்த பனிதான். மிதக்கும் பனி தன் எடைக்குரிய நீரை ஏற்கெனவே விலக்கிவிட்டது; அதனால் அது உருகினாலும் கடல்மட்டம் ஏறக்குறைய அப்படியே இருக்கும். நம் லோக்கல் ரயிலில் உட்கார்ந்திருப்பவர் எழுந்து நின்றால் பெட்டியில் ஆள் கூடுவதில்லை; பிளாட்பாரத்திலிருந்து ஏறுபவரால்தான் கூடும். நன்னீர் உப்புநீரில் கலப்பதால் வரும் உயர்வு மிக மிகச் சிறியது.

குழப்பத்துக்குக் காரணம் சொல்தான் என்று நினைக்கிறேன். உங்கள் கட்டுரையில் மலையிலிருந்து மெல்ல நகர்ந்து வருவதும் பனிப்பாறை, அது கடலை எட்டிப் பலகைபோல் மிதப்பதும் பனிப்பாறை, அதிலிருந்து உடைந்து தனியே போவதும் பனிப்பாறை. முதலாவது பனியாறு, இரண்டாவது பனித்தட்டு. மூன்றாவது மட்டுமே பனிப்பாறை. 2021 பிப்ரவரியில் உத்தராகண்டின் சமோலியில் வெள்ளம் வந்தபோதும் "பனிப்பாறை உடைந்தது" என்றே செய்திகள் வந்தன. மலைச்சரிவில் பெரும் பாறையும் அதன்மேல் இருந்த பனியும் சேர்ந்து பெயர்ந்து விழுந்த விபத்து அது என்று ஆய்வுகள் பின்னர் காட்டின. கடலில் மிதக்கும் பனிக்கும் அதற்கும் எந்தத் தொடர்பும் இல்லை.

பனி உடைவதைப் பற்றி எனக்குக் கொஞ்சம் தெரியும். சசூன் டாக் அருகே ஓர் ஐஸ் ஆலையில் முப்பத்தோரு ஆண்டுகள் வேலை பார்த்தேன். உப்புநீர்த் தொட்டியில் உறைந்த டப்பாவைத் தூக்கிச் சாதாரணத் தண்ணீரில் முக்கினால் கட்டி வழுக்கிக்கொண்டு வெளியே வரும். மே மாதத்தில் அதைத் தரையில் நிறுத்தினால், யாரும் தொடாமலே உள்ளே 'டிக், டிக்' என்று கேட்கும். தலைமுடிபோல் கீறல்கள் ஓடும். பிளப்பதற்கு ஓங்கி அடிக்க மாட்டோம். கூரான கம்பியால் ஒரே கோட்டில் நாலைந்து குத்து குத்துவோம். கடைசிக் குத்தில் கட்டி அந்தக் கோட்டிலேயே இரண்டாகப் பிரிந்து நிற்கும்.

அண்டார்டிகாவின் பனித்தட்டில் அந்தக் கோடு விழப் பல ஆண்டுகள் ஆகின்றன. பின்னாலிருந்து பனியாறு தள்ள, முன்பகுதி கடலில் பரந்து இழுபட, ஓதம் ஏறி இறங்கும்போதெல்லாம் தட்டு வளைந்து கொடுக்க, விரிசல் நீள்கிறது. அடியில் சற்றே வெதுவெதுப்பான கடல்நீர் அரிக்கிறது. லார்சன் சி பனித்தட்டில் இப்படி ஒரு விரிசல் பல ஆண்டுகளாக நீண்டு, 2017 ஜூலையில் சுமார் 5,800 சதுர கிலோமீட்டர் பரப்புள்ள ஏ68 என்ற பனிப்பாறை பிரிந்தது.

கோடை வெப்பத்தில் தட்டின் மேல் உருகிய நீர் குளம் குளமாகத் தேங்கினால் நிலைமை வேறு. தண்ணீர் பனியைவிடக் கனமானது. விரிசலுக்குள் நிறைந்த நீர் அதன் இரு பக்கங்களையும் நெட்டித் தள்ளிக்கொண்டே அடிவரை இறங்கிவிடும். எங்கள் கம்பி செய்த வேலையை அங்கே தண்ணீர் செய்கிறது. 2002 தொடக்கத்தில் லார்சன் பி பனித்தட்டில் அப்படித்தான் நடந்தது. சுமார் 200 மீட்டர் தடிமனுள்ள பனி, 3,250 சதுர கிலோமீட்டர், ஐந்து வாரங்களில் நொறுங்கிப் போயிற்று. நம் பெருநகர மும்பையைப்போல் ஐந்து மடங்குக்கும் மேல்!

அடுத்து நடந்ததைத்தான் உங்கள் கட்டுரை விட்டுவிட்டது. லார்சன் பி தட்டு, தனக்குப் பின்னால் நிலத்தின்மேல் கிடந்த பனியாறுகளுக்கு அண்டைச் சுவர்போல் முட்டுக் கொடுத்து நின்றிருந்தது. முட்டு போனதும் ஹெக்டோரியா உள்ளிட்ட பனியாறுகள் பல மடங்கு வேகமெடுத்துக் கடலுக்குள் இறங்கின. தட்டின் மிச்சம் இன்னும் தாங்கி நின்ற பக்கத்தில் இருந்த ஃபிளாஸ்க், லெப்பர்ட் பனியாறுகளிலோ அப்போது பெரிய மாற்றம் இல்லை. நிலத்திலிருந்து வரும் அந்தப் பனிதான் பிளாட்பாரத்திலிருந்து ஏறும் ஆள். பேரனிடம் நான் அச்சமே வேண்டாம் என்று சொல்லவில்லை. எதற்கு அஞ்ச வேண்டும் என்று சொன்னேன்.

உடைவதெல்லாம் கேடு என்றும் எழுத வேண்டாம். பனித்தட்டு வளர்வதும் நுனி உதிர்வதும் இயற்கை. 2019 செப்டம்பரில் ஏமரி பனித்தட்டிலிருந்து 1,636 சதுர கிலோமீட்டர் துண்டு பிரிந்தபோது, அது வழக்கமான சுழற்சியே என்றார்கள் ஆய்வாளர்கள். வேடிக்கை என்னவென்றால், அவர்கள் 'ஆடும் பல்' என்று பெயரிட்டு ஆண்டுக்கணக்கில் கண்காணித்த துண்டு நின்றுகொண்டது. பக்கத்துத் துண்டு விழுந்தது. நம் நாட்டின் பாரதி ஆய்வு நிலையம் இருப்பதும் அந்தத் தட்டு வந்து சேரும் பிரிட்ஸ் விரிகுடாப் பகுதியில்தான். உங்கள் கட்டுரையில் அதற்கும் ஒரு வரி இருந்திருக்கலாம்.

ஆங்கிலத்தில் இந்த உடைவை மாடு கன்று போடுவதற்கு உரிய சொல்லாலேயே சொல்கிறார்கள். வாழைக்கே கன்று சொல்லும் நமக்குப் பனி கன்று ஈன்றது என்று எழுத என்ன தடை?

அடுத்த முறை இது பற்றி எழுதும்போது பனியாறு, பனித்தட்டு, பனிப்பாறை மூன்றையும் காட்டும் ஒரு கோட்டுப்படம் போடுங்கள். நிலம் எங்கே முடிகிறது, பனி எங்கிருந்து மிதக்கத் தொடங்குகிறது என்பது அதில் தெளிவாகத் தெரிய வேண்டும். பேரனின் பள்ளி அறிவிப்புப் பலகையில் ஒட்ட அவன் இப்போதே இடம் கேட்டு வைத்திருக்கிறான்.

அன்புடன்,
சயான் கோலிவாடா வாசகர்,
மும்பை