இங்கிலாந்தின் லீட்ஸில் சைக்கிள் ரேஸ் ஓட்டும் மகளுக்கு

அன்புள்ள அம்மிணிக்கு,

போனில் பேசினால் உன் அம்மாவும் பக்கத்தில் இருக்கிறாள். தோள் எப்படி இருக்கிறது, சாப்பாட்டுக்கு என்ன செய்கிறாய் என்பதோடு பேச்சு முடிந்துவிடுகிறது. சைக்கிள் என்று எடுத்தாலே அவளுக்குக் கண் கலங்குகிறது. அதனால்தான் எழுதுகிறேன். ரேஸ் ஓட்டுகிறவர்கள் விழுந்தால் காறை எலும்பு உடைவது வழக்கம்தான், கூடிவிடும் என்று அவளுக்குத் தைரியம் சொல்லிக்கொண்டிருக்கிறேன். டாக்டர் சரி என்று சொல்கிற வரைக்கும் நீ ஹேண்டில்பாரைத் தொடாதே. அப்புறம் தாராளமாக ஓட்டு. ரேஸை விட்டுவிடு என்று நான் சொல்லமாட்டேன்.

"என் பெயரில் ஒரு புள்ளிகூட இல்லையே அப்பா" என்று அன்றைக்கு வருத்தப்பட்டாய். அங்கே ரேஸ் ஓட்டுகிறவர்களைப் பிரித்திருக்கிற வரிசையில் நாலாம் பிரிவிலிருந்து மூன்றாம் பிரிவுக்கு ஏறப் புள்ளி சேர்க்க வேண்டும். அது முன்னால் வந்து முடிக்கிறவர்களுக்குத்தான். முன்னால் போய்க் காற்றைத் தாங்கி மற்றவளை இழுத்துக் கொடுத்தவளுக்கு யாரும் புள்ளி எழுதமாட்டார்கள். ஆனால் நீ அனுப்பிய வீடியோவை நான் நம் சைக்கிள் கடையில் உட்கார்ந்து திரும்பத் திரும்பப் பார்த்தேன். கடைசிச் சுற்றுகளில் எதிர்க்காற்று அடிக்கிற பக்கமெல்லாம் நீதான் முன்னால். உன் பின்சக்கரத்தை ஒட்டி உன் டீம் பெண். முன்னால் போகிறவள் காற்றைத் தடுப்பதால், அப்படி ஒட்டி வருகிறவளுக்கு மூன்றில் ஒரு பங்கு வரை பலம் மிச்சமாகும். அந்த மிச்சத்தை வைத்துத்தான் அவள் கடைசி வளைவில் எழுந்து நின்று மிதித்தாள். நீ அதற்கு முன்னாலேயே ஓரமாக ஒதுங்கி வழிவிட்டாய், தலையைத் தொங்கப்போட்டு, மூச்சு வாங்கிக்கொண்டு. கோட்டைத் தாண்டியதும் அவள் கையைத் தூக்கவில்லை. திரும்பி உன்னைத் தேடினாள். நீ இருந்த நிலையில் கவனித்திருக்கமாட்டாய், அதனால் சொல்கிறேன்.

காற்று உனக்குப் புதிதில்லை. பாலக்காட்டுக் கணவாய் வழியாக ஆடி மாதம் அடிக்கிற காற்றில், மேற்கே பார்த்து உடுமலைக்குப் பள்ளிக்கூடம் போனவள் நீ. அரசு கொடுத்த அந்த சைக்கிளிலேயே அண்ணா பிறந்தநாள் போட்டியில் 15 கிலோமீட்டர் ஓட்டினாய். அங்கே ஒவ்வொரு பிள்ளையும் தனித்தனியாகத்தான் மூச்சைப் பிடித்து மிதித்தது. ஒருத்தி முன்னால் போனால் இன்னொருத்தி அவள் பின்னால் ஒண்டிக்கொள்ளலாம், அப்புறம் மாறிக்கொள்ளலாம் என்று சொல்லிக்கொடுக்க ஆள் இல்லை. அது உனக்கு லீட்ஸில்தான் கிடைத்தது.

பக்கத்து மோர்லியில் வாழ்ந்த சைக்கிள் வீராங்கனை பெரில் பர்ட்டன் பற்றி நீ சொன்னாய் அல்லவா, அதற்கப்புறம் நானும் தேடித் தேடிப் படித்தேன். ருபார்ப் என்கிற புளிப்புத் தண்டுச் செடித் தோட்டத்தில் வேலை பார்த்துக்கொண்டே, கடைசிவரை காசுக்கு ஓட்டாத அமெச்சூராகவே ஓட்டி, ஏழு உலகப் பட்டம். 1967-ல் 12 மணி நேரப் போட்டியில் 277.25 மைல், அதாவது 446 கிலோமீட்டர்! அந்த ஆண்டு ஆண்களில் முதலாவதாக வந்தவரைத் தாண்டும்போது அவருக்கு ஒரு மிட்டாயை நீட்டிவிட்டுப் போனாராம். எல்லாரும் அந்த மிட்டாய்க் கதையைத்தான் சொல்கிறார்கள். என் மனசில் நின்றவர் அவர் கணவர் சார்லி. மனைவியை சைக்கிளுக்குக் கொண்டுவந்தவரே அவர்தான். அவரும் ஓட்டக்கூடியவர். ஆனால் மனைவியின் சைக்கிளைப் பார்த்துக்கொள்வதும், போட்டிகளுக்குக் கூடவே போவதுமாக இருந்துவிட்டார். சாதனைப் பட்டியலில் சார்லியின் பெயர் வராது. எத்தனையோ வருஷமாக ஸ்பேனரும் கையுமாக இருக்கிற எனக்கு, அந்த மனுஷனை நேரில் பார்த்துக் கைகொடுக்க வேண்டும் போல் இருந்தது.

நீ விழுந்த அன்றைக்கு இரண்டு பேர் தங்கள் ரேஸை விட்டுவிட்டு உன் பக்கத்தில் நின்றார்கள் என்று சொன்னாய். ஆஸ்பத்திரியில் இரவு வரைக்கும் ஒருத்தி உட்கார்ந்திருந்தாள். அவர்கள் எல்லாரும் திங்கட்கிழமை வேலைக்குப் போகிறவர்கள். சொந்தக் காசைப் போட்டு ஞாயிற்றுக்கிழமை ஓட்ட வருகிறவர்கள். இதைச் சொன்னபோதுதான் உன் அம்மா அழுகையை நிறுத்தினாள். வேறு கிளப் உன்னை ஜெயிக்கிற இடத்தில் ஓட்டவைப்பதாகக் கூப்பிட்டாலும், அவசரப்பட்டு இவர்களை விட்டுப் போய்விடாதே.

சைக்கிள் விஷயத்தில் மட்டும் அப்பா சொல்வதைக் கேள். நம் கடைக்கு வருவதெல்லாம் இரும்பு. முன்சக்கரத்தைப் பிடித்திருக்கிற ஃபோர்க் வளைந்தால் கண்ணுக்குத் தெரியும், பைப்பை மாட்டி நெம்பி நிமிர்த்திவிடுவேன். உன் ரேஸ் சைக்கிளின் கார்பன் அப்படியில்லை. உள்ளே விரிசல் விட்டிருக்கும், மேலே பெயிண்ட் பளபளவென்று இருக்கும். பிறகு ஒருநாள் இறக்கத்தில் சொல்லாமல் கொள்ளாமல் ஒடியும். நாணயத்தால் தட்டிப் பார்த்தால் நல்ல இடத்தில் 'டக்' என்று கேட்கும், அடிபட்ட இடத்தில் சத்தம் மந்தமாக இருக்கும். ஆனால் அதை மட்டும் நம்பாதே. ஃபோர்க்கை முழுசாக வெளியே எடுத்து, கார்பன் தெரிந்த ஆளிடம் காட்டு. அவர் கொஞ்சம் யோசித்தாலும் மாற்றிவிடு. ஹெல்மெட்டுக்கு யோசனையே வேண்டாம். உள்ளே இருக்கிற தெர்மாகோல் ஒரு அடி வாங்கினால் நசுங்கிவிடும், மறு அடியைத் தாங்காது. தூக்கிப்போடு. புதிதுக்கு நான் பணம் அனுப்புகிறேன், வேண்டாம் என்று சொல்லாதே.

கை கட்டில் இருக்கிற வரைக்கும் அறையில் முடங்கிக் கிடக்காதே. அங்கே ரேஸை நடத்துவதும் கிளப் ஆட்கள்தான் என்றாயே. ஞாயிற்றுக்கிழமை போய் நம்பர் கொடுக்கிற மேஜையில் உட்கார், ஒரு கை போதும். அம்மா பருப்புப்பொடியும் எள்ளுருண்டையும் பார்சல் போட்டிருக்கிறாள். ஆஸ்பத்திரியில் உன்னோடு இருந்த பெண்ணுக்கு முதலில் கொடு, அப்பா விசாரித்ததாகச் சொல்.

அன்புடன்,
அப்பா