திருப்பி வைத்தால் மட்டும் போதாது

ஆசிரியருக்கு,

ஓசூர் வாசகர் ஒருவருக்கு, 'பெடல் ஸ்டீல் கிடாரை அப்படியே திருப்பி வைத்து இடக்கையால் மீட்டலாம்' என்று உங்கள் கேள்வி-பதில் பகுதியில் சொல்லியிருந்தீர்கள். அது பாதிதான் சரி. (கால்களின் மேல் கிடையாக நிற்கும் இந்தக் கிடாரில், கம்பிமேல் ஸ்டீல் பார் என்ற உலோகத் தண்டை வைத்து மீட்டி, பெடலால் சுருதியை மாற்றுவார்கள்.)

திருப்பினால் சேஞ்சர் (பெடல் மிதித்தால் கம்பியை இழுக்கும் பாகம்) இடப்பக்கமும் பிரடைகள் (சுருதி முறுக்கும் திருகுகள்) வலப்பக்கமும் வந்துவிடும். ஆனால் தொலைவில் இருக்க வேண்டிய முதல் கம்பி வயிற்றோரம் வந்து நிற்கும். பெடல்களோ சபையைப் பார்த்தபடி இருக்கும்.

ஆகவே பத்துக் கம்பிகளையும் வரிசை மாற்றிப் பூட்ட வேண்டும். பிரடைப் பக்கம் கம்பிகள் படியும் நட்டில் உருளைகளின் பள்ளம் கம்பியின் தடிமனுக்கு ஏற்றபடி வெட்டப்பட்டிருந்தால் அவற்றின் வரிசையையும் மாற்றுங்கள். மாற்றாவிட்டால் தடித்த கம்பி மேலெழும்பி நிற்கும். ஸ்டீல் பார் பக்கத்து மெல்லிய கம்பியில் சரியாகப் படியாமல் கரகரக்கும்.

அடிப்புற வேலைதான் பொறுமையைச் சோதிக்கும். ஈ-9 என்ற சுருதி அமைப்பில் ஏ பெடல் 5, 10ஆம் கம்பிகளையும், பி பெடல் 3, 6ஆம் கம்பிகளையும், சி பெடல் 4, 5ஆம் கம்பிகளையும் சுருதி ஏற்றும். பழைய இடத்தையும் புதிய இடத்தையும் கூட்டினால் 11 வர வேண்டும் என்று கணக்கு வைத்துக்கொள்ளுங்கள். அப்போது ஏ பெடலின் இழுகம்பிகள் (பெடலின் அசைவைச் சேஞ்சருக்குக் கடத்துபவை) முன்பு 6, 1 இருந்த இடங்களுக்குப் போகும். பி பெடலுடையவை 8, 5க்கும், சி பெடலுடையவை 7, 6க்கும். இழுகம்பியின் நீளம் மாறாது, பக்கவாட்டில்தான் நகர்கிறது. அதோடு இழுகம்பி மாட்டியிருக்கும் சிறு நெம்புகோலான பெல் கிராங்கையும் நேர்கோட்டில் நகர்த்தாமல் விட்டால் இழுகம்பி சாய்ந்து பக்கத்து இழுகம்பியை உரசும். பெடலை விட்ட பிறகும் சுருதி பழைய நிலைக்குத் திரும்பாது. 'கிடார் சுருதி நிற்கவில்லை' என்று பிரடையையே திருகிக்கொண்டிருப்பவர்கள் முதலில் இங்கே பார்க்கட்டும்.

பெடல் பட்டையைக் கழற்றி சபைப் பக்கத்துக் கால்களில் பூட்டினால் பெடல்கள் இடக்கோடிக்குப் போய்விடும். அவற்றை வலக்கோடிக்கு மாற்றி, ஏ பெடலை வெளிக்கோடியில் வையுங்கள். பெடல் மிதித்தால் சுழலும் குறுக்குத் தண்டில் பெடலோடு இணையும் நெம்புகோலையும் மறுமுனைக்கு நகர்த்த வேண்டும். புதுத் துளை தேவைப்பட்டால் ஓசூரிலேயே லேத் பட்டறைகளுக்குக் குறைவில்லை. பழைய பாகத்தை அளவுக்குக் கையோடு கொண்டுபோங்கள். பெடலுக்கு வலக்கால், வால்யூம் பெடலுக்கு இடக்கால். முழங்காலால் தள்ளிச் சுருதி மாற்றும் லீவர்களின் பக்கம் தானே சரியாகிவிடும். முன்பின் தூரத்தை மட்டும் பார்த்தால் போதும்.

சுருதி சேர்க்கும்போது, பெடல் மிதிக்காத நிலையைப் பிரடையிலும், மிதித்த நிலையைச் சேஞ்சர் முனையிலுள்ள நைலான் நட்டிலும் சரிசெய்யுங்கள். மூன்றாம் கம்பி (0.011 அங்குலம்) அடிக்கடி அறுபடும், இரண்டு கூடுதலாக வாங்கி வையுங்கள்.

இரட்டைக் கழுத்துக் கிடாரில் இந்த வேலையே வேண்டாம். திருப்பினால் ஈ-9 கழுத்தும் சி-6 (இன்னொரு சுருதி அமைப்பு) கழுத்தும் இடம் மாறிவிடும். இடக்கை அமைப்பிலேயே செய்யச் சொல்லி வாங்குவதுதான் வழி. புதிதாகக் கற்பவர் என்றால், இரு கையும் இரு காலும் எப்படியும் பழக வேண்டிய கருவி இது. ஒரு மாதம் வலக்கை அமைப்பிலேயே முயன்று பார்த்துவிட்டு ஆலன் கீயை (அறுகோணச் சாவி) எடுக்கலாம்.

கிடார் பழுதுபார்ப்போர் இருவர்,
கிருஷ்ணகிரி