ஆயிரம் ரூபாய்க்குப் பச்சை இலை

சிங்கப்பூர்
ஆவணி 3

அன்புள்ள அம்மாவுக்கு,

முருகேசன் எழுதுவது. நான் நலம். நீ, அப்பா, அப்பத்தா, சித்ரா எல்லாரும் நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். செல்வம் அண்ணன் கொண்டுவந்த பை வந்து சேர்ந்தது. பருப்புப் பொடி, மணத்தக்காளி வத்தல், சீடை எல்லாம் பத்திரம். சீடை அன்று ராத்திரியே காலி. டப்பா அடியில் நீ மடித்து வைத்திருந்த கடிதத்தை அப்புறம்தான் பார்த்தேன். போனில் 'சாப்டியா, சாப்டேன்' என்பதோடு பேச்சு முடிந்துவிடுகிறது, அப்படி என்னதான் சாப்பிடுகிறாய், ஒரு நாளாவது விவரமாக எழுது என்று கேட்டிருக்கிறாய். சரி, எழுதுகிறேன்.

சாப்பாட்டுக்கு ஒரு குறையும் இல்லை. விடியும்போதே கேட்டரிங் பொட்டலம் வாசலுக்கு வந்துவிடும். சோறு, சாம்பார், ஒரு பொரியல், சில நாள் மீன். மதியம் பிரிக்கும்போது கொஞ்சம் ஆறியிருக்கும், அவ்வளவுதான். பழகிவிட்டது. இது அன்றாடம் நடப்பது, இதில் எழுத ஒன்றும் இல்லை. போன வாரம் ஒரு கடையில் சாப்பிட்டேன், அதைச் சொல்கிறேன். அப்பாவுக்கும் படித்துக் காட்டு.

ராஃபிள்ஸ் பிளேஸ் என்று வங்கிகளும் பெரிய ஆபீஸ்களும் நெருக்கியடித்து நிற்கிற இடம். விமானம் போக வசதியாக இருக்கட்டும் என்று அங்கே கட்டடங்களை 280 மீட்டரோடு நிறுத்தியிருக்கிறார்கள். மூன்று நான்கு கட்டடங்கள் சொல்லிவைத்த மாதிரி அதே உயரம். அதில் ஒன்றின் கீழ்த்தளத்தில் சாலட் கடை. அங்கே குளிர்பெட்டி மக்கர் பண்ணுகிறது என்று கம்பெனியில் என்னை அனுப்பினார்கள். சிங்கப்பூரில் வெயிலும் மழையும்தான், குளிரே கிடையாது என்று நீ நினைத்துக்கொண்டிருக்கிறாய். உன் மகன் பாதி நாள் குளிருக்குள்தான் தலையை விட்டுக்கொண்டிருக்கிறான். ஸ்வெட்டர் அனுப்ப வேண்டாம், இருக்கிறது.

இதை அப்பாவிடம் தவறாமல் சொல். அந்தக் கடையிலிருந்து நாலு எட்டு வைத்தால் மார்க்கெட் ஸ்திரீட். அப்பாவைப் பெற்ற ஐயா, செட்டியார்கள் வட்டித் தொழில் நடத்திய கிட்டங்கியில் சமைத்தாரே, அதே தெரு. பெட்டியடியில் உட்கார்ந்து வட்டிக் கணக்கு எழுதிய அந்தக் கிட்டங்கிகளில் ஒன்றுகூட இப்போது இல்லை, ஊரைப் புதுப்பிக்கிறோம் என்று எல்லாவற்றையும் இடித்துவிட்டார்கள். இப்போது அந்தத் தெருவில் கேப்பிட்டாஸ்பிரிங் என்று 51 மாடி நிற்கிறது. அதில் இரண்டாம், மூன்றாம் மாடி முழுக்கச் சாப்பாட்டுக் கடைகள். ஐயாவுக்கு இன்றைக்கும் அங்கே வேலை கிடைத்திருக்கும்.

கடைக்கு வருகிறேன். நீளமான எவர்சில்வர் மேடை. மேலே வரிசையாகக் குழித் தட்டுகள். அதில் நறுக்கிய காய், இலை, அவித்த முட்டை, கடலை, சோளம். அடியிலிருந்து குளிர் ஏறிக்கொண்டே இருக்க வேண்டும். 5 டிகிரிக்கு மேல் போகக் கூடாது என்பது இங்கே விதி. இவர்கள் மேடையில் ஒரு கோடியில் தக்காளி வியர்த்துக்கொண்டு கிடந்தது. மறு கோடியில் இலை உறைந்து, தூக்கிப் பிடித்தால் பின்னால் இருக்கிற விரல் தெரிந்தது. உறைந்த இலை கரைந்தால் கறுத்துத் துவண்டுவிடும், எவனும் வாங்க மாட்டான். பார்த்தால் பெரிய கோளாறு ஒன்றும் இல்லை. சூட்டை வெளியே தள்ளுகிற கண்டென்சர் முழுக்கத் தூசி. போதாததற்கு, உள்ளே காற்று வருகிற வழியை மறித்துக் கீரை மூட்டையைத் திணித்து வைத்திருந்தார்கள். பன்னிரண்டு மணிக் கூட்டம் வருவதற்குள் துடைத்து, நிமிர்த்தி, ஓடவிட்டேன். மேனேஜர் சந்தோஷமாகி, ஒரு கிண்ணம் சாப்பிட்டுவிட்டுத்தான் போக வேண்டும் என்று பிடித்துக்கொண்டார்.

அதற்குள் வரிசை வாசலைத் தாண்டிவிட்டது. எல்லாரும் கழுத்தில் அட்டை தொங்கவிட்ட ஆபீஸ்காரர்கள். நடுவில் நான், பூட்ஸும் கிரீஸ் கையுமாக. மேடைக்குப் பின்னால் நின்றது தமிழ்ப் பிள்ளை. மலேசியாக்காரி. ஜொகூரிலிருந்து தினமும் பாலம் தாண்டி வருகிறதாம், விடியக்காலை நாலு மணிக்கே கிளம்ப வேண்டுமாம். நீ உடனே ஜாதகம் தேடாதே, அதற்கு இரண்டு குழந்தைகள்.

"அடியிலே என்ன போடட்டும்ணே, இலையா சோறா?" என்று கேட்டது. சோறு என்றால் பழுப்பரிசிச் சோறு, அதுவும் ஆறியதுதான். சரி, இலையே போடு என்றேன். இலையில் எந்த இலை? அதிலேயே நாலு வகை. மேலே ஐந்து சாமான் நம் இஷ்டத்துக்கு எடுத்துக்கொள்ளலாம். கோழி, சால்மன் மீன், கொடைக்கானலில் பட்டர் புரூட் என்று விற்பார்களே அது, இதற்கெல்லாம் தனிக் காசு. பின்னால் நிற்பவர்கள் வாய்ப்பாடு ஒப்பிப்பதுபோல மளமளவென்று சொல்கிறார்கள். நான் கேரட், சோளம், முட்டை, கொண்டைக்கடலை என்று தெரிந்த முகமாகப் பார்த்துக் கை காட்டினேன். எல்லாவற்றையும் பெரிய சட்டியில் கொட்டி, இரண்டு பக்கமும் பிடி வைத்த வளைந்த கத்தியால் கொத்து கொத்தென்று கொத்தி, வறுத்த எள் அரைத்த சாறு ஊற்றிப் புரட்டி, காகிதக் கிண்ணத்தில் சாய்த்தது. மூடி மூட முடியாத அளவுக்கு.

விலையைக் கேள். கிண்ணம் 13 டாலர். பட்டர் புரூட்டுக்கு மேலே 2 டாலர். அதற்கும் மேலே 9 சதவீதம் வரி. நம் காசுக்கு ஆயிரம் ரூபாயைத் தாண்டுகிறது, அடுப்பே பற்றவைக்காத சாப்பாட்டுக்கு! பயப்படாதே, எனக்கு இனாம். சும்மா கொடுப்பதை எதற்கு விட வேண்டும் என்று பட்டர் புரூட்டும் போடச் சொன்னேன்.

ஜன்னலோரம் ஒரு நாற்காலியில் டிஷ்யூ பாக்கெட் கிடந்தது. இங்கே அப்படிக் கிடந்தால் ஆள் வருகிறது என்று அர்த்தம், யாரும் உட்கார மாட்டார்கள். பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்தேன். பாக்கெட்டுக்கு உரியவர் வந்தார். சுவரில் எழுதியிருக்கிற கலோரிக் கணக்கைப் பார்த்து, சாறு தனியாக வாங்கி, அதில் முள்கரண்டி நுனியை மட்டும் தொட்டுத் தொட்டுக் கடைசி இலை வரை மென்றார். முடித்த கையோடு எதிர்க் கடைக்குப் போய்க் கெட்டிப் பால் ஊற்றிய காப்பியும் வெண்ணெய் தடவிய ரொட்டியும் வாங்கிக்கொண்டு வந்தார். எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை.

குறை சொல்லக் கூடாது. இலை நறுக்கென்று இருந்தது, பெட்டி ஒழுங்காகிவிட்டதல்லவா. கேரட்டும் தித்திப்பு. ஆனால் அந்தக் கொண்டைக்கடலை இருக்கிறதே, சும்மா அவித்தது. உப்பு பேருக்கு. ஜில்லென்று பல்லில் கூசியது. ஒரு கடுகு கிடையாது, வரமிளகாய் கிடையாது, தேங்காய்ப்பூ கிடையாது. வாயில் போட்டதும் பிள்ளையார்பட்டித் தேர் நினைவு வந்துவிட்டது. கூட்டத்தில் அப்பத்தா என் கையை விடாமல் பிடித்துக்கொண்டு, வாழையிலைத் துண்டில் வாங்கிய சுடுசுண்டலை மறு கையால் முந்தானையில் முடிந்து வைக்கும். வீட்டுக்கு வந்து பிரிக்கும்போது பாதி நசுங்கியிருக்கும், நானும் சித்ராவும் அதற்கும் அடித்துக்கொள்வோம். அதற்கு மேல் அங்கே சாப்பிட முடியவில்லை. பசி இல்லை என்று வைத்துக்கொள். கிண்ணத்தை அமுக்கி மூடி எடுத்து வந்துவிட்டேன். ராத்திரி கடலையை மட்டும் பொறுக்கிக் கழுவி, உன் பருப்புப் பொடியைப் போட்டுக் குலுக்கித் தின்றேன்.

இந்த வருஷம் தேருக்கு யார் யார் போகிறீர்கள்? அப்பத்தாவை வெயிலில் நிறுத்தாதே. யார் போனாலும் எனக்குப் போன் போட்டுக் கொட்டுச் சத்தத்தைக் கொஞ்சம் கேட்க விடு.

அறை மாறிவிட்டேன். வாடகைக்காக இல்லை, இது வேலைக்குப் பக்கம். ஆறு பேர் இருக்கிறோம், பேச்சுத்துணைக்குப் பஞ்சமில்லை. ஆளுக்கு ஒரு ஷிப்ட் என்பதால் நான் வரும்போது ஒன்று தூங்குவார்கள், இல்லாவிட்டால் இருக்க மாட்டார்கள். ஞாயிற்றுக்கிழமை எல்லாரும் நம் ஆட்கள் கடைகள் இருக்கிற தேக்கா பக்கம் போவார்கள், நான் நன்றாகத் தூங்கி எழுந்துகொள்வேன். பக்கத்து வீட்டில் ஒரு சீனக் கிழவி. இது அவர்களுக்கு ஏழாம் மாதம் என்று சாயங்காலமானால் தகர டின்னில் காகிதப் பணத்தை எரிக்கிறாள், செத்தவர்கள் செலவுக்காம். நம் ஆட்களுக்கு எள்ளும் தண்ணீரும் போதும், அவர்களுக்குக் கட்டுக் கட்டாக வேண்டியிருக்கிறது.

சித்ரா வளைகாப்புக்கு வர முடியாது போலிருக்கிறது அம்மா. ஐப்பசியில் ஒரு பெரிய கட்டடத்தில் வேலை எடுத்திருக்கிறார்கள், லீவு கேட்டால் தர மாட்டார்கள். மாப்பிள்ளையிடம் நானே போனில் சொல்லிவிடுகிறேன், நீ முந்திக்கொண்டு சொல்லி அவர் மனம் கோண வேண்டாம். பணம் இந்த மாதம் இரண்டு தவணையாக வரும். கம்பெனியில் சம்பளத் தேதியை மாற்றியிருக்கிறார்கள், வேறொன்றும் இல்லை. முதலில் வருவதில் வங்கியில் இருக்கிற உன் சங்கிலிக்கு வட்டி மட்டும் கட்டு. மீட்பதைப் பொங்கலுக்குப் பார்த்துக்கொள்ளலாம். ரசீதைப் போட்டோ எடுத்து அனுப்பச் சொல்.

அப்பத்தா கண்ணை இனித் தள்ளிப்போடாதே. மதுரை அரவிந்துக்கு சேகர் கூட்டிக்கொண்டு போகட்டும், கார் செலவை நான் தந்துவிடுகிறேன்.

பெரியப்பா கொண்டுவருகிற காகிதம் எதிலும் அப்பா கையெழுத்துப் போட வேண்டாம். கூட்டுப் பட்டாவைப் பிரிப்பதென்றால் முதலில் சர்வேயர் வந்து அளக்கட்டும், சித்தப்பாவும் கூட நிற்கட்டும். வில்லங்கச் சான்று போட்டுப் பார்த்துவிடச் சொல். கிணறு யார் பக்கம் விழுகிறது என்று தெரியாமல் தலையாட்டிவிட்டால் அப்புறம் மோட்டார் போடக்கூட அவர்களைத்தான் கேட்க வேண்டும்.

செல்வம் அண்ணனிடம் கோடாலித் தைலம் கொடுத்தனுப்பியிருக்கிறேன். அப்பத்தாவுக்கு இரண்டு. பெரியம்மாவுக்கும் மறக்காமல் ஒன்று கொடுத்துவிடு, இல்லாவிட்டால் பட்டா விஷயம் இன்னும் முறுகும்.

இப்படிக்கு,
உன் அன்பு மகன்,
முருகேசன்