யாரோ ஒருத்தர் சண்டையாம்

ஆசிரியர் ஐயாவுக்கு வணக்கம்.

போன ஞாயித்துக்கிழமை உங்க இணைப்புல, சென்னையில அமைதியா உக்காந்துட்டு வர நல்ல இடங்கள்னு ஒரு பக்கம் போட்டிருந்தீங்க. அதுல நந்தம்பாக்கம் போர்க் கல்லறையும் இருந்துச்சு, மவுன்ட் பூந்தமல்லி ரோட்டுல இருக்கே அதுதான். புல்லு பச்சைப்பசேல்னு இருக்கு, கூட்டமே இல்ல, கல்யாண ஜோடிங்க போட்டோஷூட் எடுக்க வெளிச்சம் பிரமாதம், எல்லாம் சரி. கடைசில ஒரு வரி எழுதியிருந்தார் பாருங்க உங்க நிருபர், "நமக்குச் சம்பந்தமில்லாத யாரோ நடத்திய சண்டையில் மாண்ட வெள்ளையர்கள் இங்கே உறங்குகிறார்கள்". இந்த வரிய கண்ணாடி போட்டுட்டு ஒரு தடவ படிச்சேன், துடைச்சுப் போட்டு இன்னொரு தடவ படிச்சேன். மாறல.

நான் 1981ல பட்டாளத்துல சேர்ந்து 2003ல ஹவில்தாரா வெளிய வந்தவன். மெட்ராஸ் சாப்பர்ஸ், அதாவது பாலம் போடுறது கண்ணிவெடி எடுக்குறதுன்னு இருக்குற பட்டாளத்து இன்ஜினியர் படை, பெங்களூர்ல ட்ரெயினிங். எங்கள ஆர்மி முழுக்க "தம்பி"னுதான் கூப்பிடுவாங்க, பஞ்சாப்காரனும் கூப்பிடுவான் கூர்க்காவும் கூப்பிடுவான், தமிழ்ல அவங்களுக்குத் தெரிஞ்ச ஒரே வார்த்தை அது. அந்த மரியாதைல எழுதுறேன், கோவிச்சுக்காதீங்க.

அந்தக் கல்லறைய 1952ல அமைச்சாங்க. அங்கங்க ஊர்க் கல்லறைலயும் கன்டோன்மென்ட் கல்லறைலயும் பாத்துக்க ஆளில்லாமப் போயிரும்னு நெனச்ச ரெண்டாம் உலகப் போர் ஆளுங்கள ஒரே இடத்துக்குக் கொண்டுவந்து வச்சாங்க. 850க்கும் மேல இருக்காங்க. பின்னாடி ஒரு நினைவுச் சின்னம் இருக்கு, அதுல முதல் உலகப் போர்ல செத்த 1000 பேருக்கு மேல பேர் வெட்டியிருக்கு. நிருபர் தம்பி அவ்வளவு தூரம் நடக்கல போல, வெளிச்சம் முன்னாடிதான நல்லா விழும். அதிகாரிக்குப் பெரிய கல்லு சிப்பாய்க்குச் சின்னக் கல்லுன்னு அங்க கிடையாது. வயசு போட்டிருக்கும், அத வரிசையா படிச்சுக்கிட்டே நடந்து பாருங்க, அப்புறம் சொல்லுங்க போட்டோவுக்கு எப்படி நிக்கணும்னு. நான் ஒரு தடவ போயிருந்தப்ப ஒரு பையன் கல்லு மேல கால வச்சு ஷூ லேஸ் கட்டிட்டு இருந்தான். அவன் எந்த இணைப்பப் படிச்சிட்டு வந்தானோ.

இப்ப அந்த "சம்பந்தமில்லாத" விஷயத்துக்கு வரேன். உங்களுக்குத் தெரியாதது ஒண்ணும் இல்ல, ஆனாலும் சொல்றேன். முதல் போருக்கு இந்தியாலருந்து 10 லட்சம் பேருக்கு மேல கடல் தாண்டிப் போனாங்க, 70,000 பேருக்கு மேல செத்தாங்க. ரெண்டாவது போர்ல படை 25 லட்சம், செத்தது சுமார் 87,000. இவ்வளவு பேர்ல தமிழன் ஒருத்தன் கூடவா இல்ல? எங்க உஸ்தாத் ட்ரெயினிங்ல மொத வாரமே சொன்ன கதை சுபேதார் சுப்பிரமணியன் கதைதான். காஞ்சிபுரம் பக்கத்து ஆளு, எங்க சாப்பர்ஸ். 1944 ஜூன் 24, இத்தாலில கண்ணிவெடி எடுக்குற வேலைல இருந்தாங்க. கூட இருந்தவன் வெடிய மிதிச்சுட்டான், வெடிக்கப் போகுதுன்னு தெரிஞ்சதும் இவர் அது மேலயே விழுந்துட்டார், மத்தவங்க பொழைச்சாங்க. இங்கிலாந்து ராஜா ஜார்ஜ் பேர்ல இருக்குற வீரப் பதக்கம், ஜார்ஜ் கிராஸ் குடுத்தாங்க. அந்த ஜார்ஜுக்கும் நமக்கும் என்ன சம்பந்தம்னு கேப்பீங்க, நானும் கேப்பேன், ஆனா அவர் விழுந்தது ஜார்ஜுக்காக இல்லய்யா, பக்கத்துல நின்ன பசங்களுக்காக. கண்ணிவெடி எடுக்கப் போனவனுக்குத்தான் அது புரியும், நானும் எடுத்திருக்கேன்.

நந்தம்பாக்கத்துல எல்லாரும் வெள்ளைக்காரங்கதானேன்னு ஈசியா எழுதிட்டார். இந்து, சீக்கிய சிப்பாய எரிச்சுட்டாங்க சார், எரிச்சவனுக்கு ஏது கல்லறை. நான் நாகாலாந்துல போஸ்டிங்ல இருந்தப்ப கோஹிமா கல்லறைக்குப் போயிருக்கேன். 1944ல ஜப்பான்காரனோட டெபுடி கமிஷனர் பங்களா டென்னிஸ் கோர்ட்டுல அடிச்சுக்கிட்ட இடம் அது, இப்பவும் கோர்ட்டோட கோட்ட வெள்ளையா போட்டு வச்சிருக்காங்க. 1,420 கல்லறை. மேல தனியா ஒரு நினைவுச் சின்னம், எரிக்கப்பட்ட 917 பேருக்கு. மழை தூறிட்டு இருந்துச்சு, ரெயின்கோட்ட தலைல போட்டுக்கிட்டு விரல் வச்சு ஒவ்வொரு பேரா படிச்சேன், லாரி டிரைவர் கீழருந்து ஹாரன் அடிச்சுக்கிட்டே இருந்தான். பேராவது இருக்கே அங்கன்னு இருந்துச்சு. ஏன் சொல்றேன்னா எங்க ஆயாவோட பெரியப்பா முதல் போர்ல, இராக்ல இருக்குற பஸ்ரா சண்டைக்குப் போனவர். எங்க வீட்டுல அந்தப் பேச்சு வந்தா "பஸ்ராவுக்குப் போனவரு"ன்னுதான் சொல்வாங்க, செத்தவருன்னு சொன்னதே இல்ல. பஸ்ரா நினைவுச் சின்னத்துல இந்தியப் படைன்னா ஆபீசருக்குத்தான் பேரு, நம்ம சாதாரண சிப்பாய்க்கு இத்தனை பேருன்னு எண்ணிக்கை மட்டும். அதையும் 1997ல சதாம் உசேன் பேத்து பாலைவனத்துல கொண்டு போய் வச்சுட்டார். இந்தக் கல்லறைகள எல்லாம் பாத்துக்குற காமன்வெல்த் போர்க் கல்லறை கமிஷனே 2021ல ரிப்போர்ட் போட்டு மன்னிப்புக் கேட்டுச்சு, ஆசியாக்காரன் ஆப்பிரிக்காக்காரன் பேரெல்லாம் சமமா வெட்டலன்னு. வெள்ளைக்காரனே நூறு வருஷம் கழிச்சு சம்பந்தம் இருக்குன்னு ஒத்துக்கிட்டான். நீங்க இப்ப இல்லங்குறீங்க.

சரி, பழசெல்லாம் வேணாம்னுதான் பாக்குறேன், ஆனா பேனா நிக்க மாட்டேங்குது. ஜூலை 26 கார்கில் நாள் வந்தா மட்டும் உங்க ஆபீஸ்லருந்து போன் வரும், "ஐயா ஒரு பேட்டி". ஒரு வருஷம் வந்த தம்பி ரெண்டு மணி நேரம் பேசிட்டு வாசல்ல செருப்பு போடும்போது கேட்டார், "அங்கிள், கேன்டீன்ல ரம் கிடைக்குமா". கிடைக்காதுன்னேன். அடுத்த நாள் பேப்பர்ல என் போட்டோவுக்குக் கீழ "ஓய்வு பெற்ற காவலர்"னு போட்டிருந்தீங்க. திருத்தம் கேட்டு லெட்டர் போட்டேன், அது எந்தக் குப்பைக் கூடைல உறங்குதோ. ஊர்ல மாமன் மச்சான்லருந்து மளிகைக் கடைக்காரர் வரைக்கும் என்னைப் பாத்தா கேக்குறது அந்த ஒரே கேள்விதான், எல்லைல எவ்வளவு குளிர்னு ஒருத்தன் கேட்டதில்ல. படைவீரர் கொடி நாள் டிசம்பர் 7ன்னு எத்தனை பேருக்குத் தெரியும்? பென்ஷன்ல ஒரு திருத்தத்துக்காக ஒரு ஆபீஸுக்கு பதினோரு தடவ நடந்தேன், அதப் பத்தி எழுதினத கூட நீங்க நாலு வரியா சுருக்கி "வாசகர் புலம்பல்"னு தலைப்பு குடுத்தீங்க. நல்ல தலைப்புதான்.

சினிமா வந்தா மட்டும் எல்லாருக்கும் மேஜர் பேரு தெரியுது. வரட்டும், நல்லதுதான். மேஜர் பரமேஸ்வரன்னு ஒருத்தர் 1987 நவம்பர் 25ல இலங்கைல செத்தார், பரம் வீர் சக்ரா, உங்க ஆபீஸ்ல கேட்டுப் பாருங்க எத்தனை பேருக்குத் தெரியும்னு. டெல்லில 2019ல தேசிய போர் நினைவுச் சின்னம் திறந்தாங்க, அங்க சுதந்திரத்துக்கு அப்புறம் செத்தவங்க பேரெல்லாம் இருக்கு, சந்தோஷம். அதுக்கு முன்னாடி போனவங்க எங்க போவாங்க? அவங்க சண்டைதான் யாரோ ஒருத்தர் சண்டையாச்சே.

எங்க ஊர்ல ஒரு கல்லு இருக்கு. வேலூர் பக்கம் நெறைய ஊர்ல பட்டாளத்துக்குப் போன வீடு அதிகம், அதனால இது பெரிய அதிசயம் இல்ல. இந்தக் கிராமத்துலருந்து 1914-1919 பெரும் போருக்கு இத்தனை பேர் போனாங்க, அதுல இத்தனை பேர் உயிர விட்டாங்கன்னு இங்கிலீஷ்ல வெட்டியிருக்கும். பேரு கிடையாது, நம்பர்தான். பஸ்ராவுக்குப் போனவரும் அந்த நம்பருக்குள்ளதான் இருக்கார், ஆயா இருந்த வரைக்கும் அந்தப் பக்கம் போனா கல்லத் தொட்டுக் கண்ணுல ஒத்திக்கும். பஸ் ஸ்டாப்ப ஒட்டின சுவத்துல பதிச்ச கல்லு. போனவங்க நம்பர் நல்லாத் தெரியும். செத்தவங்க நம்பர் தெரியாது, ஏன்னா அதுக்கு மேல ஒரு தட்டி தொங்குது. தினமும் காலைல அன்னைக்குத் தலைப்புச் செய்திய ஒட்டி கம்பில மாட்டுற வால்போஸ்டர் தட்டி.

உங்க பத்திரிகை தட்டிதான் ஐயா அது.

ஏஜென்ட் பையன்கிட்ட மூணு தடவ சொல்லிட்டேன், "மேலருந்து சொன்னா மாத்துறேன் தாத்தா"ங்கிறான். நல்ல பையன், அவன ஒண்ணும் சொல்லிடாதீங்க. அந்த ஞாயிறு கட்டுரைக்குத் திருத்தம் போடுவீங்களா மாட்டீங்களான்னு நான் கேக்கல, போட்டா எட்டாம் பக்கத்துல வரன் தேவைக்கு நடுவுல போடுவீங்கன்னு தெரியும். தட்டிய மட்டும் ரெண்டடி தள்ளி மாட்டச் சொல்லி ஏஜென்ட்டுக்கு ஒரு போன் போடுங்க. டீக்கடை தூண்ல இடம் இருக்கு, கடைக்காரர்கிட்ட கேட்டுட்டேன், ஆணியும் நானே அடிச்சு வச்சிட்டேன்.

இப்படிக்கு,
முன்னாள் ஹவில்தார் (காவலர் அல்ல)