ஊர் வரலாற்று நடைகள்: ‘அனைவரும் வருக’ என்றால் மட்டும் போதுமா?

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தங்கள் நாளிதழின் ‘இன்றைய நிகழ்ச்சிகள்’ பகுதியில் ஊர் வரலாற்று நடை, கல்வெட்டுப் பயிற்சி, பழம்பொருள் கண்காட்சி ஆகியவற்றுக்கான அறிவிப்புகளை இப்போது அடிக்கடி பார்க்கிறோம். கொங்கு மாவட்டங்களில் இப்படியொரு ஆர்வம் கிளம்பியிருப்பது பெரிய விஷயம். ஆனால் பெரும்பாலான அறிவிப்புகள் இடம், நேரம், சிறப்புரை, தலைமை, முன்னிலை என்று பெயர்களை அடுக்கிவிட்டு ‘அனைவரும் வருக’ என்று முடிந்துவிடுகின்றன. எந்த பஸ்ஸில் வருவது, எவ்வளவு தூரம் நடக்க வேண்டும், மலை ஏற வேண்டுமா, எத்தனை மணிக்கு விடுவார்கள் என்று ஒன்றும் இருப்பதில்லை. விளைவு என்னவென்றால், காரும் வாட்ஸ்அப் குழுவும் உள்ளவர்கள் நகரத்திலிருந்து வந்து பார்த்துவிட்டுப் போகிறார்கள். எந்த ஊரில் அந்தக் கல் நிற்கிறதோ அந்த ஊர்க்காரர்கள் வேலிக்கு அந்தப் பக்கம் நின்று வேடிக்கை பார்க்கிறார்கள். இது மாற வேண்டும். அதற்கு நிகழ்ச்சி நடத்துவோரும் செய்தித்தாளும் செய்யக்கூடியவை நிறைய இருக்கின்றன.

அறச்சலூரை எடுத்துக்கொள்வோம். ஈரோட்டிலிருந்து காங்கயம் போகும் சாலையில் உள்ள ஊர். அங்கே நாகமலையில் தமிழி (தமிழ் பிராமி) எழுத்தில் இசைக் கல்வெட்டு இருக்கிறது. அதைக் கண்டறிந்து சொன்னவர் புலவர் செ. இராசு. வரிக்கு 5 எழுத்தாக 5 வரி. முதல் வரி ‘த தை தா தை த’. இடமிருந்து படித்தாலும், வலமிருந்து படித்தாலும், மேலிருந்து கீழே படித்தாலும் ஒன்றாகவே வரும்படி அமைத்திருக்கிறார்கள். பக்கத்திலேயே, எழுத்துகளைச் சேர்த்தமைத்தவன் மணிய வண்ணக்கன் தேவன் சாத்தன் என்று பெயரும் வெட்டியிருக்கிறது. 40 பேரை நேரே மலைக்கு ஏற்றினால் பாறை முன்னால் 6 பேர் நிற்பார்கள், மீதிப்பேர் முதுகைத்தான் பார்ப்பார்கள். அடிவாரத்திலேயே ஒரு பெரிய அட்டையில் 25 கட்டம் போட்டு, தமிழி எழுத்தும் அதற்கு நேராக இன்றைய எழுத்துமாக எழுதி, எல்லாரையும் கைதட்டி நாலு முறை சொல்ல வைத்துவிட வேண்டும். பிறகு 8 பேர், 8 பேராக மேலே அனுப்பினால், எழுத்துக்கூட்டிப் படிக்கிற பிள்ளைகூடப் பாறையில் ‘தை’ எங்கே இருக்கிறது என்று தானே தேடிக் கண்டுபிடிக்கும். ஏற முடியாத வயதானவர்களுக்கு அடிவாரத்து அட்டையே நிகழ்ச்சி. இதை அறிவிப்பிலேயே சொல்லிவிட்டால் அவர்களும் வருவார்கள்.

கொடுமணலில் சிக்கல் வேறு. சென்னிமலைக்கு மேற்கே ஏறத்தாழ 15 கி.மீ. தொலைவில், நொய்யலின் வடகரையில் உள்ள இந்த ஊரில் 1980-களிலிருந்து பலமுறை அகழாய்வு நடந்திருக்கிறது. இரும்பு உருக்கிய உலைகள், பச்சைக்கல்லும் படிகமும் சூதுபவளமும் பட்டை தீட்டி மணியாக்கிய பட்டறைகள், ஆள் பெயர் கீறிய பானை ஓடுகள் எல்லாம் கிடைத்தன. ஆனால் அகழாய்வுக் குழிகளை வேலை முடிந்ததும் மூடிவிடுவார்கள், அதுதான் முறை. போய்ப் பார்க்கிறவர்களுக்குக் காடும், பழங்கால ஈமச்சின்னங்களான கல்வட்டமும் நெடுங்கல்லும்தான் தெரியும். முன்கூட்டிச் சொல்லாமல் அழைத்துப்போனால் ‘இதைப் பார்க்கவா இத்தனை தூரம்’ என்று முகம் வாடும். குழி திறந்திருந்தபோது எடுத்த படங்களை ஏ3 அளவில் அச்சிட்டு எடுத்துப்போய், எந்த இடத்தில் எடுத்ததோ அங்கேயே நின்று காட்ட வேண்டும். பொருள்களைக் கண்ணால் பார்க்க வேண்டும் என்றால் அருங்காட்சியகம் ஒன்றையும் அதே நாளில் சேர்த்துக்கொள்வது நல்லது. அதன் விடுமுறை நாள் எது என்று முன்கூட்டியே கேட்டுக்கொள்ள வேண்டும்.

அங்கே இன்னொன்றையும் கண்டிப்பாகச் சொல்ல வேண்டும். மழை பெய்து ஓய்ந்த மறுவாரம் போனால் மண்ணில் பானை ஓடும் மணியும் மேலே தெரியும். பிள்ளைகள் ஆசையாகப் பொறுக்கிப் பையில் போட்டுக்கொள்வார்கள். எந்த இடத்தில், எந்த மண்ணடுக்கில், எதனோடு கிடந்தது என்பது தெரியும் வரைதான் அந்த மணி ஒரு சான்று. வீட்டு அலமாரிக்குப் போன பிறகு அது வெறும் கண்ணாடிக்கல் மாதிரிதான். கிடந்த இடத்திலேயே வைத்து, பக்கத்தில் ஓர் அளவுகோல் வைத்துப் படம் எடுத்து, செல்போனில் இடக்குறியைப் பதிந்துவிட்டு வர வேண்டும். 1878-ஆம் ஆண்டுப் புதையல் சட்டப்படி மண்ணிலிருந்து கிடைக்கும் 10 ரூபாய்க்கு மேல் மதிப்புள்ள புதைபொருளை மாவட்ட ஆட்சியருக்குத் தெரிவித்தாக வேண்டும். வி.ஏ.ஓ. அல்லது வட்டாட்சியர் வழியாக எழுத்தில் கொடுத்து, கொடுத்ததற்கு ஒப்புகையும் வாங்கிக்கொள்ளலாம்.

நேரம் குறிப்பதில் நகரத்து வசதியை மட்டும் பார்ப்பது தவறு. சோமனூர், பல்லடம் பக்கம் விசைத்தறிக்காரர்களும், திருப்பூரில் பனியன் கம்பெனித் தொழிலாளர்களும் வர வேண்டுமானால் ஞாயிறு காலைதான் ஒரே வழி. சனிக்கிழமை சம்பளம் வாங்கி ராத்திரி வெகுநேரம் விழித்திருப்பார்கள். ஆகவே 6 மணிக்குக் கூடச் சொன்னால் நடக்காது. 7.30-க்குத் தொடங்கி 10.30-க்கு முடித்துவிடலாம். பெரிய முகூர்த்த நாள் என்றால் ஊரே கல்யாணத்துக்குப் போய்விடும். காலண்டரைப் பார்க்காமல் தேதி குறிக்கக் கூடாது. சாதாரணக் கட்டண அரசு டவுன் பஸ் போகிற இடமாகத் தேர்ந்தெடுத்தால் பெண்களுக்குக் கட்டணமில்லாப் பயணமும் கிடைக்கும். வீட்டில் காசு கேட்காமலே வந்து போகலாம். இந்த ஒரு காரணத்துக்காகவே கோவைக்காரர்கள் சுண்டக்காமுத்தூர் அருகே பழைய நெடுஞ்சாலை ஒன்றைக் குறிக்கும் இராசகேசரிப் பெருவழிக் கல்வெட்டு போன்ற பக்கத்து இடங்களிலிருந்து தொடங்குவது நல்லது.

பருவமும் முக்கியம். ஏப்ரல் 18 உலக பாரம்பரிய நாள், நவம்பர் 19 முதல் 25 வரை உலக பாரம்பரிய வாரம் என்று நாடு முழுக்க ஒரே தேதியில் நடத்துகிறார்கள். நம் பக்கத்தில் முன்னது சித்திரை வெயில். பாறையில் காலை வைக்க முடியாது. பின்னது ஐப்பசி, கார்த்திகை மழை. அந்தத் தேதிகளை அருங்காட்சியகத்துக்கும் பள்ளிக்கூட மண்டபத்துக்கும் ஒதுக்கிவிட்டு, வெளியே நடப்பதை மார்கழி, தை, மாசிக்கு வைத்துக்கொள்ளலாம். ஆனி, ஆடியில் பாலக்காட்டுக் கணவாய்க் காற்றில் காகிதம் நிற்காது, பேசுகிற பேச்சும் கேட்காது. ஏற்கெனவே கூட்டம் கூடுகிற நாள்களையும் பயன்படுத்தலாம். தை 5-ஆம் நாள் காளிங்கராயன் தினம். ஆடி 18 ஓடாநிலையில் தீரன் சின்னமலை நினைவு நாள். மாலை போட்டுவிட்டுக் கலைகிற கூட்டத்துக்கு நடுவே ஒரு மேசை போடுங்கள். பவானியிலிருந்து நொய்யல் வரை காளிங்கராயன் வாய்க்கால் போகிற வழியின் வரைபடத்தை விரித்து வைத்தால், பாசனக்காரர்களே விரல் வைத்துத் தங்கள் மதகைக் காட்டிப் பேச ஆரம்பித்துவிடுவார்கள். தனியாக ஒரு கூட்டம் போடுவதைவிட இது பலன் தரும்.

காட்டுக்காரர், அதாவது நிலத்துக்குச் சொந்தக்காரர், அனுமதி இல்லாமல் எந்தக் கல்லையும் பார்க்கப் போகக் கூடாது. காங்கயம், தாராபுரம் பக்கம் கொறங்காடுகளில் (மேய்ச்சல் நிலங்களில்) கிளுவை வேலியும், வாசலை அடைக்கும் படலும் இருக்கும். படலைத் திறந்துவிட்டு மூடாமல் வந்தால் மாடு வெளியே போய்விடும். அடுத்த வருசம் அந்த ஊரில் கால் வைக்க முடியாது. 10 நாள் முன்பே ஒருவர் நேரில் போய், எத்தனை பேர், எந்த வழியாக, எவ்வளவு நேரம் என்று சொல்லிவிட்டு வர வேண்டும். நிலத்தில் பழைய கல் இருப்பது வெளியே தெரிந்தால் நிலமே போய்விடும் என்ற பயம் பல விவசாயிகளுக்கு இருக்கிறது. அந்தப் பயத்தால்தான் எத்தனையோ பாண்டுகுழிகள் (பழங்கால ஈமக்குழிகள்) பொக்லைனுக்குப் போயிருக்கின்றன. தொல்லியல் துறை அலுவலர் ஒருவரை அழைத்து, சட்டம் என்ன சொல்கிறது என்பதை அந்தக் களத்துமேட்டிலேயே விளக்கச் சொல்வது நடையைவிடப் பெரிய வேலை.

இனி கல்லைத் தொடுகிற விஷயம். புலிகுத்திக் கல்லோ (புலியோடு போராடிய வீரனுக்கு வைத்த நடுகல்), கோயில் சுவரோ, எழுத்தோ உருவமோ தெரியவில்லை என்றால் உடனே சாக்பீஸ், விபூதி, மைதா மாவு என்று எடுத்துத் தடவுகிறார்கள். தயவுசெய்து வேண்டாம். மாவு பூச்சியையும் பூஞ்சையையும் கூட்டும் என்பது ஒரு பக்கம். அதைவிடக் கெடுதல், தடவியவர் தவறாக ஊகித்த எழுத்தைத்தான் அடுத்து வருகிறவர் படிப்பார்; கல்லில் உள்ளது கண்ணில் படாது. கம்பி பிரஷ், ஆசிட், எண்ணெய் மூன்றும் கூடவே கூடாது.

தேவையானது பக்கவாட்டு வெளிச்சம் மட்டும்தான். தெற்குப் பார்த்த கல்லுக்குக் காலை அல்லது சாயங்கால வெயில் பக்கத்திலிருந்து விழுந்து உருவத்தை எடுத்துக் கொடுக்கும். கிழக்குப் பார்த்த கல்லைக் காலை 7 மணிக்குப் பார்த்தால் வெயில் நேர்முகமாக அடித்துத் தட்டையாகத் தெரியும். உச்சிவேளை நெருங்கும்போது மேலிருந்து சரிந்து விழுகிற வெயிலில் புலியின் வாலும் வீரன் கையிலுள்ள ஈட்டியும் பிரிந்து தெரியும். நேரம் ஒத்துவராவிட்டால் ஒருவர் கறுப்புக் குடையால் நிழல் கட்ட, இன்னொருவர் டார்ச்சைக் கல்லின் மேற்பரப்பை ஒட்டினாற்போல் பக்கத்தில் பிடித்து, இடம், வலம், மேல், கீழ் என்று நகர்த்த வேண்டும். நான்கு பக்க வெளிச்சத்திலும் ஒவ்வொரு படம், பிளாஷ் இல்லாமல், அளவுகோலோடு. ஒரு திசையில் மறைந்த கோடு இன்னொரு திசையில் கிடைக்கும். நடுகல்லை ஊரார் சாமியாகக் கும்பிடுகிறார்கள் என்றால் செருப்பைக் கழற்றிவிட்டு, பூசாரியிடம் கேட்டுவிட்டுத்தான் கிட்டப் போக வேண்டும்.

மைப்படி, அதாவது கல்லெழுத்தைத் தாளில் மை ஒற்றிப் படியெடுப்பதைப் பார்க்க மக்களுக்கு மிகுந்த ஆசை. அதைக் கோயில் சுவரில் செய்து காட்டுவதற்குத் துறை அனுமதி வேண்டும். பயிற்சி நிகழ்ச்சிக்கு அது தேவையும் இல்லை. திருமுருகன்பூண்டியில் சிற்பிகளிடம் சொன்னால் ஒன்றரை அடிப் பலகைக்கல்லில் நாலு வரி வெட்டிக் கொடுப்பார்கள். கல்லைத் தண்ணீர் விட்டு மெல்லிய நார் பிரஷ்ஷால் கழுவி, நனைத்த படியெடுப்புத் தாளை ஒட்டி, நடுவிலிருந்து ஓரம் நோக்கிக் காற்றை வெளியே தள்ள வேண்டும். பிறகு பிரஷ்ஷை நேராகப் பிடித்துத் தட்டித் தட்டி, தாளை எழுத்துப் பள்ளத்துக்குள் இறக்க வேண்டும். தேய்த்தால் கிழியும். தாளின் பளபளப்பு போய், தொட்டால் சில்லென்று மட்டும் இருக்கிற பதத்தில் மையொற்றியால் மை ஒற்ற வேண்டும். ஈரம் அதிகம் இருந்தால் மை பரவி எழுத்தை மூடிவிடும். அதிகம் காய்ந்தால் தாள் கல்லைவிட்டுக் கிளம்பிவிடும். மையை முதலில் ஒரு பழைய செய்தித்தாளில் ஒற்றிக் குறைத்துக்கொண்டு, லேசாக இரண்டு மூன்று சுற்றுப் போவதுதான் சரி. கறுப்பில் வெள்ளை எழுத்தாக, நேராகப் படிக்கும்படியே வரும். காற்றடிக்கிற வெளியில் வைக்காமல் சுவர் மறைவில் வைத்தால், ஒரு கல்லுக்கு முக்கால் மணி நேரத்தில் முடிந்துவிடும்.

‘உங்கள் வீட்டு வரலாறு’ என்று ஆவணம் கொண்டுவரச் சொல்லும் முகாம்களும் நடக்கின்றன. நிலப் பத்திரம் என்றால் யாரும் வெளியே எடுக்க மாட்டார்கள், கேட்பதும் சரியல்ல. மில் சம்பளச் சீட்டு, பழைய கல்யாணப் பத்திரிகை, பள்ளிக்கூடச் சான்று, நோட்டுப் போட்ட மொய்க் கணக்கு, குடும்பப் படம் என்று குறிப்பிட்டுக் கேளுங்கள். எதையும் வாங்கி வைத்துக்கொள்ளாமல், அங்கேயே ஸ்கேன் செய்து அரை மணி நேரத்தில் கையில் திருப்பிக் கொடுத்துவிட வேண்டும். படத்தில் இருப்பவர்கள் யார், எந்த ஊர், எந்த வருசம் என்பதைக் கொண்டுவந்தவர் வாயிலிருந்து அப்போதே எழுதிக்கொள்ளாவிட்டால் அந்த ஸ்கேன் பாதி வீண். மடிப்பில் கிழிந்த தாளுக்கு செலோடேப் ஒட்டாதீர்கள், லேமினேஷன் செய்யாதீர்கள் என்றும் சொல்லி அனுப்ப வேண்டும்; பிறகு யாராலும் சரிசெய்ய முடியாது.

இன்னொன்றை வெளிப்படையாகவே சொல்லிவிடுகிறோம். எங்கே போனாலும் ‘இந்த வீரன் எங்கள் ஆள்’ என்ற பேச்சு எழும். கல்லில் என்ன எழுத்து இருக்கிறதோ அதை மட்டும் படித்துச் சொல்லுங்கள். எழுத்தே இல்லாத கல்லுக்குச் சாதி சொல்ல யாருக்கும் ஆதாரம் கிடையாது. அழைப்பும் ஊருக்குள் மட்டும் போனால் பத்தாது. காலனியிலும் வீடு வீடாகப் போய்ச் சொல்ல வேண்டும். அங்குள்ள பெரியவர்களுக்குத்தான் எந்தக் கல் எந்த வாய்க்கால் மேட்டிலிருந்து எப்போது நகர்ந்தது என்பது தெரிந்திருக்கிறது.

தங்கள் நாளிதழுக்கு எங்கள் வேண்டுகோள் ஒன்றுதான். வரலாற்று நிகழ்ச்சி அறிவிப்பு எதுவானாலும் இந்த விவரங்கள் இருந்தால்தான் வெளியிடுவது என்று வைத்துக்கொள்ளுங்கள்: கூடும் இடம், அருகிலுள்ள பஸ் நிறுத்தம், பஸ் எண், தொடங்கும் நேரத்தோடு முடியும் நேரம், நடக்கும் தூரம், மலையேற்றம் உண்டா, கழிப்பிடம் எங்கே, எத்தனை பேருக்கு இடம், சிறுவர்கள் வரலாமா, நில உரிமையாளர் அல்லது கோயில் அனுமதி பெற்றாயிற்றா. தலைமை, முன்னிலைப் பெயர்களை எடுத்துவிட்டால் இவ்வளவுக்கும் அதே இடம் போதும். சனிக்கிழமைப் பதிப்பில் போட்டால் ஞாயிறு காலை கிளம்புகிறவர்களுக்குக் கைக்கு வந்துவிடும்.

இப்படிக்கு,
ஊர் வரலாற்று நடைகளை நடத்திவரும் சிலர்,
சென்னிமலை – காங்கயம் வட்டாரம்.