ஃபிரீமேசன்கள்: வதந்தி வேண்டாம், நடைமுறையைப் பாருங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

ஃபிரீமேசன்கள் என்ற சகோதரத்துவ அமைப்பினரை மர்மக் கும்பல் என்று பேசுவது வருத்தமளிக்கிறது. லண்டனில் 1717இல் முதல் தலைமைச் சபை அமைந்தது. அவர்களின் கிளைச் சபைக்கு லாட்ஜ் என்று பெயர்; பினாங்கின் நெப்டியூன் லாட்ஜுக்கு 1809இலேயே தொடங்குவதற்கான அனுமதிப் பட்டயம் கிடைத்துவிட்டது. அதற்கும் முன்பே திருச்சியில் ஆற்காடு நவாபின் மகன் உம்தத்துல் உமரா உறுப்பினரானார். தமிழ் மண்ணுக்கு இது புதிதல்ல.

ஆங்கில முறை லாட்ஜில் சேர இறைநம்பிக்கை கட்டாயம். ஒருவர் முன்மொழிய, இன்னொருவர் வழிமொழிய, உறுப்பினர்கள் பெட்டியில் பந்து போட்டு ரகசியமாக வாக்களிப்பார்கள். கறுப்புப் பந்து என்றால் எதிர்ப்பு வாக்கு; மூன்று விழுந்தால் இடமில்லை. ஒன்றே போதும் என்று துணைவிதி வைத்துள்ள லாட்ஜும் உண்டு. இந்து உறுப்பினர் கீதையின்மீது உறுதிமொழி எடுக்கலாம். கூட்டத்தில் மத விவாதம், அரசியல் இரண்டுக்கும் தடை.

லாட்ஜிடம் நன்கொடை கேட்கும் விஷயத்தில்தான் நம் பள்ளிகளும் ஆதரவு இல்லங்களும் தடுமாறுகின்றன. நோயுற்ற உறுப்பினர், மறைந்தவரின் மனைவி ஆகியோரைக் கவனிப்பவர் அல்மனர். தர்ம நிதி திரட்டுபவர் வேறொருவர். உங்கள் கடிதம் செயலாளருக்குப் போகவேண்டும். பல லாட்ஜுகள் மாதாமாதம் கூடுவதில்லை. கூட்டத்திற்குச் சில வாரங்கள் முன்பே அனுப்புங்கள். 'உதவி தேவை' என்று மட்டும் எழுதினால் எதை வைத்து முடிவெடுப்பார்கள்? என்ன பொருள், எத்தனை, கடையின் விலைக்குறிப்பு, அமைப்பின் பதிவு எண், வங்கிக் கணக்கு ஆகியவற்றை இணையுங்கள். கிடைத்தபின் ரசீதும் அனுப்புங்கள்.

வாசகர்,
ஜார்ஜ்டவுன், பினாங்கு