பதின்மூன்று அடி வாசலும் சித்தியின் முழங்காலும்

அன்புள்ள தம்பி,

நீ அனுப்பிய எக்செல் ஷீட்டை இரண்டு தடவை பார்த்துவிட்டேன். ஸ்விஃப்ட், கிராண்ட் ஐ10 நியோஸ், டியாகோ, பலேனோ என்று நாலு வண்டி. பவர், டார்க், மைலேஜ், டச் ஸ்கிரீன் எத்தனை இன்ச், ஸ்பீக்கர் எத்தனை என்று வரிசை வரிசையாகப் போட்டு, நல்லதற்குப் பச்சை, மோசத்துக்குச் சிவப்பு என்று கலர் வேறு. கடைசியில், "அக்கா, எது எடுக்கலாம்?" என்று ஒரு வரி. வாட்ஸ்அப்பில் பதில் தட்ட ஆரம்பித்துக் கட்டைவிரல் வலித்ததுதான் மிச்சம். அதனால் கடிதமாகவே எழுதுகிறேன். உன்னை மாதிரி முதல் வேலையில் சேர்ந்து முதல் கார் பார்க்கிற பிள்ளைகள் நிறையப் பேர் இருக்கிறார்கள், அவர்களும் படிக்கட்டும் என்று பொதுவில் போடுகிறேன். பயப்படாதே, உன் சம்பளத்தை எழுதவில்லை.

முதலில் பலேனோவை ஷீட்டிலிருந்து எடுத்துவிடு. நல்ல வண்டிதான். 318 லிட்டர் டிக்கி, நாலு சிலிண்டர் என்ஜின், நீ பச்சை அடித்ததெல்லாம் நியாயம். ஆனால் போன மாதம் முடிச்சூர் வீட்டுக்கு வந்தபோது உன் போர்ஷன் வாசலைப் பார்த்தேன். தண்ணீர் சம்ப் மேடைக்கும் கேட்டுக்கும் நடுவில் பதின்மூன்று அடி என்று வீட்டுக்காரம்மா பெருமையாகச் சொன்னார். 13 அடி என்றால் 3,962 மில்லிமீட்டர். பலேனோவின் நீளம் 3,990. கேட்டைச் சாத்த முடியாது. ஸ்விஃப்ட் 3,860, அரைச் சாண் மிஞ்சும். நியோஸ் 3,815. டியாகோ 3,765, ஒரு சாண் கிட்ட இடம் கிடைக்கும். அகலத்தையும் பார்த்துக்கொள். ஸ்விஃப்ட் 1,735, நியோஸ் 1,680. அந்த ஐந்தரை சென்டிமீட்டர் ஷோரூமில் தெரியாது. சுவருக்கும் வண்டிக்கும் நடுவே கதவைத் திறந்து வயிற்றை எக்கிக்கொண்டு இறங்கும்போது தெரியும்.

நம் ஊரில் இத்தனை கார்களும் பின்பக்கம் கத்தியால் வெட்டினது மாதிரி முடிகிறதே, கவனித்திருக்கிறாயா? அது அழகுக்காக இல்லை. நாலு மீட்டருக்கு உட்பட்ட சின்ன கார்களுக்குக் குறைந்த வரி என்று 2006 பட்ஜெட்டில் வந்தது. பெட்ரோல் என்றால் என்ஜினும் 1200 சிசியைத் தாண்டக் கூடாது. அதனால்தான் ஸ்விஃப்ட் 1197, நியோஸ் 1197, டியாகோ 1199 என்று எல்லாரும் கோட்டைத் தொட்டுக்கொண்டு நிற்கிறார்கள். 2025 செப்டம்பர் 22 முதல் இந்த வகைக்கு ஜிஎஸ்டி 18 சதவீதம் ஆகிவிட்டது. உன் ஷீட்டில் ஒரு விலை பழையதாக இருக்கிற மாதிரி தெரிகிறது, சரிபார்.

அடுத்து மைலேஜ். இதற்கு நீ இரண்டு வரிசை ஒதுக்கியிருக்கிறாய். யோசித்துப் பார், ஒரகடத்துக்கு உன்னைக் கம்பெனி பஸ் வந்து ஏற்றிக்கொண்டு போகிறது. வண்டி ஓடப்போவது மாதம் ஒரு தடவை செஞ்சிக்கு, போக வர 250 கிலோமீட்டர். அப்புறம் தாம்பரம், குரோம்பேட்டை என்று சில்லறை ஓட்டம். எல்லாம் சேர்த்து 500 என்று வை. லிட்டருக்கு 18 கொடுக்கிற வண்டிக்கும் 22 கொடுக்கிற வண்டிக்கும் மாதத்தில் ஐந்து லிட்டர் வித்தியாசம். பெட்ரோல் லிட்டர் நூறு ரூபாய் என்றால் 500 ரூபாய், செஞ்சி போகிற வழியில் பரனூரில் டீ, ஆத்தூரில் டிபன். இதற்காக சி.என்.ஜி. பக்கமெல்லாம் போகாதே. தினம் அறுபது எழுபது கிலோமீட்டர் ஓட்டுகிறவர்களுக்கு அது சரி. உனக்கு பங்க்கில் வரிசையில் நிற்பதுதான் லாபமாக மிஞ்சும்.

உன்னை மாதிரி வாரம் முழுக்க வண்டியை நிறுத்தி வைக்கிறவர்களுக்கு வேறு கவலை. பேட்டரி இறங்கும். எலி ஒயரைக் கடிக்கும். பானெட்டுக்குள் புகையிலை கட்டி வைக்கச் சொல்வார்கள், நானும் வைத்தேன். எங்கள் தெரு எலிக்கு அது பழகிவிட்டது. வாரத்தில் இரண்டு நாள் ஸ்டார்ட் செய்து தெருவைச் சுற்றி வா, அது போதும்.

இப்போது ஷீட்டில் நீ போடாத வரிசைக்கு வருகிறேன். சித்தி.

நீ கார் வாங்குவதே சித்தியை முழங்கால் வைத்தியத்துக்குக் கூட்டிப்போகத்தான் என்று நீதான் சொன்னாய். ஸ்விஃப்டின் பின்சீட்டில் யாரையாவது உட்காரவைத்துப் பார்த்தாயா? என் அலுவலகத் தோழி போன வருஷம் அதை வாங்கினாள். அவள் அம்மாவும் சித்தி வயதுதான். கதவைத் திறந்து, முதலில் வலது காலை உள்ளே வைத்தார். கூரை சரிந்து இறங்குவதால் தலையைக் குனிய வேண்டும். குனிந்துகொண்டே உட்கார முழங்காலை மடக்க வேண்டும். பாதியில் நின்றுவிட்டார். அப்புறம் வெளியே வந்து, முதுகைக் காட்டி சீட்டில் உட்கார்ந்து, இரண்டு காலையும் கையால் தூக்கி உள்ளே வைத்துக்கொண்டார். கதவைச் சாத்தியதும், "என்னம்மா இருட்டா இருக்கு" என்றார். பின் கண்ணாடி மேல்நோக்கி வளைந்து சிறுத்துப்போகிற டிசைன் அது. வெளியிலிருந்து பார்க்க நன்றாக இருக்கும். நல்லவேளை, முந்தைய மாடலில் பின்கதவுக் கைப்பிடியைக் கண்ணாடி ஓரத்தில் மேலே ஒளித்து வைத்திருந்தார்கள், 2024இல் வந்த மாடலில் அதைத் திரும்பக் கதவுக்கே கொண்டுவந்துவிட்டார்கள்.

இந்தக் கணக்கில் பார்த்தால் உனக்கு ஏற்ற வண்டி வேகன் ஆர். உயரமான சீட், நாற்காலியில் உட்காருகிற மாதிரி உட்காரலாம், 341 லிட்டர் டிக்கி. அதை ஏன் சேர்க்கவில்லை என்று கேட்டதற்கு "அது மாமாக்கள் ஓட்டுற கார், அக்கா" என்றாய். சிரித்தேன், ஆனால் காரணம் தப்பு. நான் அதைச் சொல்லத் தயங்குவது வேறொன்றுக்காக. 2023இல் குளோபல் என்கேப் (வண்டியை மோதவிட்டுப் பாதுகாப்புக்கு மார்க் போடுகிற அமைப்பு) சோதனையில் அது ஐந்துக்கு ஒரு நட்சத்திரம்தான் வாங்கியது. இப்போது ஆறு ஏர்பேக் வந்துவிட்டது என்றாலும், மோதலை வண்டியின் உடம்புக்கூடு எப்படித் தாங்கியது என்பதும் அந்த மார்க்கில் சேர்த்திதான்.

நட்சத்திரம் பற்றி உன் ஷீட்டில் ஒரு கோளாறு இருக்கிறது. டியாகோவுக்கு 4, நியோஸுக்கு 2, ஸ்விஃப்டுக்கு 1 என்று போட்டு ஒரே வரிசையில் கலர் அடித்திருக்கிறாய். டியாகோவும் நியோஸும் சோதிக்கப்பட்டது 2020இல். ஸ்விஃப்டின் அந்த ஒரு நட்சத்திரம் 2022 டிசம்பரில், விதிகளைக் கடுமையாக்கிய பிறகு வந்தது, அதுவும் பழைய மாடலுக்கு. வேறு வேறு கேள்வித்தாளில் எழுதிய மார்க்கை வைத்து ராங்க் போட முடியுமா? டியாகோ அன்று இரண்டு ஏர்பேக்கோடு நாலு வாங்கியது என்பது அதன் கட்டுமானத்தைப் பற்றி நல்ல சேதி, அதை மறுக்கவில்லை. இன்றைய ஸ்விஃப்டில் பேஸ் மாடலிலிருந்தே ஆறு ஏர்பேக்கும் ஈ.எஸ்.பி.யும் இருக்கின்றன. மழையில் ஜிஎஸ்டி ரோட்டில் (வரி இல்லை, திருச்சி நெடுஞ்சாலை) ஒரு மாடு குறுக்கே வந்து நீ ஸ்டியரிங்கை ஒடிக்கும்போது வண்டி சுழலாமல் பிடிப்பது அந்த ஈ.எஸ்.பி.தான். நியோஸிலும் எல்லா வேரியன்ட்டுக்கும் ஆறு ஏர்பேக் வந்துவிட்டது. பின்சீட்டில் சித்தப்பா பெல்ட் போடவில்லை என்றால் இதெல்லாம் பாதி வீண். அவரைச் சம்மதிக்க வைப்பது உன் பொறுப்பு, என்னால் ஆகாது.

ஓட்டிப் பார்க்கும்போது சிக்னலில் நிறுத்திக் கவனி. டியாகோவும் புது ஸ்விஃப்டும் மூன்று சிலிண்டர். நின்றுகொண்டிருக்கும்போது ஸ்டியரிங்கில் மெல்லிய நடுக்கம் வரும், சிலருக்கு அது தெரியவே தெரியாது, சிலருக்கு எரிச்சல். நியோஸ் நாலு சிலிண்டர், ஸ்டார்ட் ஆகியிருக்கிறதா என்று சாவியைத் தொட்டுப் பார்க்க வைக்கும். ஏ.எம்.டி., அதாவது கிளட்ச் மிதிக்காமல் தானே மாறுகிற கியர் கேட்டிருக்கிறாய். பெருங்களத்தூர் நெரிசலில் இடது காலுக்கு விடுதலை, அதில் சந்தேகமில்லை. கியர் மாறும்போது தலையை ஒரு ஆட்டு ஆட்டும், அதற்குப் பழகிக்கொள்ளலாம். ஆனால் நீ லைசென்ஸ் எடுத்தே நாலு மாதம்தான். ஒரு வருஷம் கிளட்ச்சோடு ஓட்டிப் பழகு என்பது என் கட்சி. இன்னொன்று, உனக்கு இன்னும் பைக் ஓட்டுகிற கண். சந்து கிடைத்தால் நுழையப் பார்ப்பாய். காருக்குப் பின்னால் நாலு மீட்டர் வால் இருக்கிறது என்பது முதல் இரண்டு கீறல் விழுந்த பிறகுதான் மனதில் பதியும்.

தண்ணீர் விஷயம் உனக்குப் புதிது, எனக்குப் பழசு. முடிச்சூரும் வரதராஜபுரமும் 2015 டிசம்பரில் அடையாற்று வெள்ளத்தில் மூழ்கின, 2023 டிசம்பர் மிக்ஜாம் புயலிலும் தண்ணீர் வந்தது. 2015இல் எங்கள் எதிர்வீட்டுக்காரரின் வண்டி பானெட் வரை மூழ்கியிருந்தது. தண்ணீர் வடிந்த மறுநாள் காலை, கழுவித் துடைத்துவிட்டு, நல்ல நேரம் பார்த்துச் சாவியைத் திருப்பினார். 'டக்' என்று ஒரு சத்தம், அவ்வளவுதான். சிலிண்டருக்குள் தண்ணீர். காற்றை அமுக்குகிற பிஸ்டனால் தண்ணீரை அமுக்க முடியாது, கனெக்டிங் ராடு வளைந்துவிட்டது. தண்ணீரில் நின்ற வண்டியை நீங்கள் ஸ்டார்ட் செய்ததால் வந்த சேதம் என்று சொல்லி இன்சூரன்ஸ் கம்பெனி என்ஜினுக்குப் பணம் தரவில்லை. ஆகவே வண்டி எதுவானாலும், உன் முகவரிக்கு என்ஜின் புரொடெக்ட் சேர்த்த இன்சூரன்ஸ் வேண்டும். அதோடு தேய்மானம் கழிக்காமல் பணம் தருகிற பம்பர் டு பம்பரும் முதல் சில வருஷத்துக்குப் போட்டுக்கொள், இல்லாவிட்டால் பம்பர் மாதிரி பிளாஸ்டிக் பாகங்களுக்குப் பாதி விலைதான் கொடுப்பார்கள். தண்ணீர் ஏறினால் சாவியைத் தொடாமல் டோ வண்டிக்குப் போன் செய்.

இன்சூரன்ஸை ஷோரூமிலேயே எடுத்தாக வேண்டும் என்பார்கள், அவசியமில்லை. 2018 செப்டம்பர் முதல் புது காருக்கு தேர்ட் பார்ட்டி, அதாவது நம் வண்டியால் அடுத்தவருக்கு ஆகும் சேதத்துக்கான பகுதி, மூன்று வருஷத்துக்குச் சேர்த்துக் கட்ட வேண்டும், அது எல்லா இடத்திலும் அப்படித்தான். சொந்த சேதத்துக்கான பகுதியை வெளியே விலை கேட்டுப் பார். ஷோரூம் கொட்டேஷனையும் அதையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் அவர்களே இறங்கி வருவார்கள்.

பணத்தில் நான் பட்ட பாட்டைச் சொல்கிறேன். 2017 ஜனவரியில் என் முதல் காரை எடுத்தபோது நல்ல தள்ளுபடி. பொங்கல் ஆஃபர் என்று நினைத்துப் பூரித்துப்போனேன். விற்கும்போதுதான் வாங்க வந்தவர் ஆர்.சி.யைப் பிரித்துக் காட்டினார். தயாரித்தது 2016 மார்ச். பத்து மாதம் யார்டில் வெயிலில் கிடந்த வண்டி. 'இது 2016 மாடல்மா' என்று சொல்லி விலையைக் குறைத்தார், வாயை மூடிக்கொண்டு கொடுத்தேன். நீ முழுப் பணம் கட்டுவதற்கு முன் சேசிஸ் நம்பரையும் தயாரிப்பு மாதத்தையும் எழுத்தில் கேள், யார்டில் போய் அந்த வண்டியைக் கண்ணால் பார்.

கடன் 6 லட்சம் என்கிறாய். 9 சதவீத வட்டிக்கு ஏழு வருஷம் என்றால் மாதம் 9,653 ரூபாய், ஐந்து வருஷம் என்றால் 12,455. ஏழு வருஷத்தில் வட்டி மட்டும் 2 லட்சத்து 11 ஆயிரம் போகும், ஐந்தில் ஏறக்குறைய 1 லட்சத்து 47 ஆயிரம். ஐந்து வருஷத் தவணையைக் கட்ட முடியவில்லை என்றால் அந்த வேரியன்ட் உனக்கு இல்லை என்று அர்த்தம், ஏழு வருஷமாக நீட்டுவதற்கு அல்ல. 'இன்னும் அறுபதாயிரம் போட்டால் டாப் எண்ட் சார்' என்பார் சேல்ஸ் தம்பி. அந்த அறுபதாயிரத்துக்கும் வரி உண்டு. தமிழ்நாட்டில் 5 லட்சத்துக்கு மேல் 10 லட்சம் வரை வாழ்நாள் வரி 13 சதவீதம், 7 லட்ச ரூபாய் வண்டிக்கே 91,000. பத்தைத் தாண்டினால் 18. ஹேண்ட்லிங் சார்ஜ் என்று ஒரு வரி இருந்தால் அடித்துவிடச் சொல், கூச்சப்படாதே.

எது எடுக்கலாம் என்றுதானே கேட்டாய்? சித்தி கையூன்றாமல் ஏறி இறங்க முடிந்தால் ஸ்விஃப்ட், நடு வேரியன்ட். முடியாவிட்டால் நியோஸ். வரி, இன்சூரன்ஸ் எல்லாம் சேர்த்த ஆன்-ரோடு விலை ஐந்து வருஷத் தவணைக்குள் அடங்கவில்லை என்றால் டியாகோ, அதிலும் குறை சொல்ல எனக்கு அதிகமில்லை. வேகன் ஆரையும் ஒரு தடவை சித்திக்குக் காட்டு, அவர் அதில் உட்கார்ந்துவிட்டு இறங்க மாட்டேன் என்றால் நாம் திரும்பப் பேசலாம்.

ஞாயிற்றுக்கிழமை ஒன்பது மணிக்கு வருகிறேன். சித்தியைத் தயாராக இருக்கச் சொல், புடவையில்தான் வர வேண்டும், ஏறுவது அப்போதுதான் சரியாகத் தெரியும். நீ லைசென்ஸையும் அளவு டேப்பையும் எடுத்துவை. வீட்டுக்காரம்மாவின் பதின்மூன்று அடியை நான் இன்னும் நம்பவில்லை.

அன்புடன்,
அக்கா